வேலையை விட்டது, வேலை போனது: வியட்நாம் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சாரதா_சைகோன்:

எல்லோருக்கும் வணக்கம். ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் வேலையில் இருப்பவர்கள், அல்லது சமீபத்தில் வேலை போனவர்கள். டோயிக் என்கிற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வேண்டும் என்றுதான் சேர்கிறார்கள், ஆனால் உண்மையில் அவர்களுக்குப் பயம் அடுத்த நேர்காணல் மேல்தான். "பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

போன வாரம் வகுப்பில் நேர்காணல் மாதிரி நடத்திப் பார்த்தோம். ஒரு பெண் தெளிவாக, சிரித்துக்கொண்டே "ஐ வாஸ் ஃபயர்டு" என்றார். என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்டால் முழிக்கிறார். விசாரித்தால், ஏற்றுமதி ஆர்டர் குறைந்து அவர் இருந்த தையல் லைனையே மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னொருவர் "ஐ க்விட் சிக்ஸ் மன்த்ஸ், ஐ ஹேவ் பேபி" என்கிறார். இங்கே பிரசவ விடுப்பு ஆறு மாதம், அதைத்தான் சொல்ல வருகிறார், ஆனால் கேட்கிற வெளிநாட்டு மேலாளருக்கு வேலையை விட்டுவிட்டார் என்றுதான் புரியும். ஒரு பையன் "மை கம்பெனி ரிசைன்டு மீ" என்று ஒரே போடாகப் போட்டான்.

ரிசைன், க்விட், ஃபயர், லே ஆஃப், ரிடயர், டிஸ்மிஸ், ரிடண்டன்ட் எல்லாவற்றையும் வியட்நாமியப் பொருளோடு பட்டியல் போட்டுக் கொடுத்துப் பார்த்தாயிற்று. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், வாயைத் திறந்து சொந்தக் கதை சொல்லும்போது மறுபடி எல்லாம் குழம்புகிறது. இங்கே வேலை பார்த்தவர்கள், பாடம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எதில் தொடங்கி எப்படிக் கொண்டுபோகலாம் என்று சொல்லுங்கள்.

---

நூல்கண்டு:

சாரதா மேடம், நான் பின் யுவோங் பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருந்தவன். இந்தக் குழப்பத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினையின் வேர் 'ஙி' என்கிற ஒரு சொல். (நம் எழுத்தில் ங வரிசை சும்மா கிடக்கிறதே என்று சின்ன வயதில் நினைத்தது உண்டு, வியட்நாமிய மொழியை எழுதிப் பார்க்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது.) ஓய்வெடுப்பதும் ஙி, ஒரு நாள் லீவு போடுவதும் ஙி, பிரசவ விடுப்பும் ஙி, பணி ஓய்வு பெறுவதும் ஙி, வேலையையே விட்டுவிடுவதும் 'ஙி வியெக்'. பின்னால் ஒட்டுகிற சொல்லை வைத்துத்தான் அர்த்தம் பிரியும், பேச்சில் அந்த ஒட்டுச் சொல்லைப் பாதி நேரம் விட்டுவிடுவார்கள். உங்கள் பிரசவ விடுப்புப் பெண் தப்பாக எதுவும் யோசிக்கவில்லை, ஙி என்று நினைத்தார், அதற்கு முதலில் கிடைத்த ஆங்கிலச் சொல் க்விட், போட்டுவிட்டார்.

அதே ஙி-க்கு முன்னால் 'சோ' சேர்த்தால் 'சோ ஙி', அதாவது முதலாளி நிறுத்திவிட்டார். நம் ஊரில் "மில்லுல இருந்து நின்னுட்டேன்", "மில்லுல நிறுத்திட்டாங்க" என்று சொல்வது போலவே. நின்றவர் தானாக நின்றாரா என்பது அந்த வினையிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனால் ஏன் நிறுத்தினார்கள் என்பது தெரியாது. ஆங்கிலக்காரன் அந்த 'ஏன்'-ஐ சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறான், ஃபயர் என்றால் ஆள் சரியில்லை, லே ஆஃப் என்றால் கம்பெனிக்கு நேரம் சரியில்லை. அந்தப் பிரிவினை அவர்கள் பேச்சு மொழியில் இல்லை, அதனால் பட்டியல் கொடுத்தால் நிற்காது.

இன்னொன்று, பத்திரிகைகள் செய்கிற குழப்பம். 2023 ஜனவரியில் கூகுள் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது வியட்நாமிய ஊடகங்களில் தலைப்பு எல்லாம் 'ஸா தாய்' என்றுதான் ஓடியது. ஆனால் இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஸா தாய் என்பது ஒழுங்கு நடவடிக்கையாக வேலையை விட்டு நீக்குவது, திருட்டு, மோசடி, சூதாட்டம், வேலையிடத்தில் போதைப்பொருள், பாலியல் தொல்லை, காரணமில்லாமல் ஒரு மாதத்துக்குள் ஐந்து நாள் மட்டம், இப்படிப்பட்டவற்றுக்கு. ஆட்குறைப்புக்குத் தனிப் பிரிவு, தனிப் பெயர், தனிப் பணம். ஆனால் செய்தி படிக்கிற பெண்ணுக்கு ஆட்குறைப்பும் ஸா தாய்தான், அகராதியைத் திறந்தால் ஸா தாய்க்கு எதிரே ஃபயர் என்று இருக்கும். அப்புறம் அவர் நேர்காணலில் போய் சிரித்துக்கொண்டே ஃபயர்டு என்று சொல்லாமல் என்ன செய்வார்?

அதனால் சொல்லைத் தராதீர்கள், காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்தவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு முடிவுக் கடிதம் இருக்கும், யார் முடிவெடுத்தது, எந்தக் காரணத்துக்காக என்று அதில் எழுதியிருக்கும். பணமும் வேறு. சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி கம்பெனி அமைப்பை மாற்றியதாலோ பொருளாதார நெருக்கடியாலோ வேலை போனால், ஓராண்டாவது வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் குறைந்தது இரண்டு மாதம் வரவேண்டும் (வேலையின்மைக் காப்பீட்டில் பணம் கட்டிய காலத்தைக் கணக்கில் கழித்துவிடுவார்கள், அந்தக் காப்பீடு 2009இல் வந்தது). தானாக, ஒழுங்காக விலகினால் ஆண்டுக்கு அரை மாதம், அதிலும் அதே கழிப்பு. ஒழுக்கக்கேட்டுக்காக ஸா தாய் ஆனால் இரண்டும் இல்லை. "உங்களுக்கு எந்தப் பணம் வந்தது?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் எந்த ஆங்கிலச் சொல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், பணக் கணக்கு யாருக்கும் மறக்காது.

---

பக்_மணி:

நூல்கண்டு அண்ணன் சொன்னது சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான்: நம்ம ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். சென்னையில் "பேப்பர் போட்டாச்சு" என்று சொல்லி, அதையே ஆங்கிலத்தில் "ஐ புட் டவுன் மை பேப்பர்ஸ்" என்று மாற்றி, உலகம் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். டா நாங்கில் எங்கள் அணியில் இருந்த ஆஸ்திரேலியாக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் எந்தப் பேப்பர் என்று கேட்டார். "ஹேண்டட் இன் மை நோட்டீஸ்" என்பதுதான் எங்கும் செல்லும். ரிலீவிங் லெட்டர் என்பதும் நம் நாட்டுச் சரக்கு, வெளியே அந்தப் பெயரில் கேட்டால் புரியாது.

---

மல்லி_ஹனோய்:

சாரதா அக்கா, நான் ஹனோயில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எடுக்கிறேன். சொற்பொருளை நூல்கண்டு சார் சொல்லிவிட்டார், நான் இலக்கணப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் "மை கம்பெனி ரிசைன்டு மீ" வகைத் தவறு வேறு இடத்திலிருந்து வருகிறது.

வியட்நாமிய வினைச்சொல் உருமாறாது, காலம் காட்டாது. ஆனால் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை நிறைய ஆசிரியர்கள் பயன்படுத்துவதே இல்லை. தனக்குக் கெட்டது நடந்தால் 'பி' என்றும், நல்லது நடந்தால் 'டுயெக்' என்றும் வினைக்கு முன்னால் போடுவார்கள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டேன் என்பதற்கு இயல்பாகவே பி வரும். நான் வகுப்பில் சொல்வது இதுதான்: உங்கள் மொழியில் அங்கே பி போடுவீர்களா? போடுவீர்கள் என்றால் ஆங்கிலத்தில் 'வாஸ்' அல்லது 'காட்' வேண்டும், அதாவது வாஸ் ஃபயர்டு, வாஸ் லெய்டு ஆஃப், வாஸ் டிஸ்மிஸ்டு, காட் தி ஸாக். பி போடமாட்டீர்கள் என்றால் நீங்கள்தான் செய்தவர், ஐ க்விட், ஐ ரிசைன்டு, ஐ ரிடயர்டு. இந்த ஒரு சோதனை "கம்பெனி ரிசைன்டு மீ"-யை முக்கால்வாசி ஒழித்துவிடும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையை விதியாக நடத்தினால் தூங்குவார்கள், பி-யிலிருந்து போனால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மத் வியெக், அதாவது வேலையை இழந்தேன், மட்டும் பி இல்லாமலும் வரும், அதற்கு நேராக "ஐ லாஸ்ட் மை ஜாப்" இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல விருப்பமில்லாதவர்களுக்கு அது பத்திரமான வாக்கியமும்கூட.

அடுத்தது ஒலி. அவர்கள் மொழியில் சொல் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வராது, அதனால் ஃபயர்டு ஃபயர் ஆகும், ரிசைன்டு ரிசைன் ஆகும். "ஐ ஃபயர்" என்று சொன்னால் நான் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிறவன் என்று ஆகிவிடும். க்விட்டுக்கு இறந்தகாலமும் க்விட்டேதான் என்பதால் பலருக்கும் அதுதான் பிடித்த சொல், எல்லா இடத்திலும் அதையே போடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

'ஆஃப்' வேறு தொல்லை. இளைஞர்கள் "இன்னைக்கு நான் ஆஃப்" என்று வியட்நாமிய வாக்கியத்துக்குள்ளேயே சொல்கிறார்கள், லீவு என்ற அர்த்தத்தில். அதனால் லே ஆஃப் என்றதும் லீவு சம்பந்தமான ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'லீவ்' இன்னும் மோசம், "ஆன் லீவ்" என்றால் திரும்பி வருவார், "லீவிங்" என்றால் வரமாட்டார். டேக் எ டே ஆஃப், ஆன் மெடர்னிட்டி லீவ், லெய்டு ஆஃப், லெஃப்ட் த கம்பெனி, நான்கையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "திங்கட்கிழமை இவர் மேசையில் இருப்பாரா?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, ரிசைன், ரீ-சைன். எழுத்தில் ஒரு கோடுதான் வித்தியாசம், அர்த்தம் நேர் எதிர். இங்கே இது வெறும் வேடிக்கையில்லை. குறித்த கால ஒப்பந்தம் 36 மாதத்துக்கு மேல் போட முடியாது, இரண்டு முறை போட்டபின் மூன்றாவது பெரும்பாலும் காலவரம்பற்றதாக இருக்கவேண்டும், அதனால் ஒப்பந்தத்தை மறுபடி கையெழுத்திடுவது பற்றி அலுவலகத்தில் அடிக்கடி மின்னஞ்சல் போகும். "ஐ வுட் லைக் டு ரிசைன்" என்று எழுதி, மேலாளர் பதறிப்போய் அறைக்குக் கூப்பிட்ட கதை என் மாணவி ஒருத்தியுடையது. ரின்யூ மை கான்ட்ராக்ட் என்று பழக்கிவிடுங்கள், ரீ-சைன் பக்கமே போகவேண்டாம்.

---

சாரதா_சைகோன்:

மல்லி, அந்த பி சோதனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். நூல்கண்டு சார், காகிதம் கொண்டுவரச் சொல்வது நல்ல யோசனை, ஆனால் சிலர் வெட்கப்படுவார்கள், அதனால் பெயர் அழித்த மாதிரிக் கடிதம் நானே தயார் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, டெட் புத்தாண்டு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள், அதற்கு க்விட் போதுமா? இரண்டு, தகுதிகாண் காலத்தில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள், அவர்களும் ஃபயர்டு என்கிறார்கள். அப்புறம் 'லெட் கோ' என்று பூசி மெழுகிச் சொல்லப் பழக்கலாமா என்றும் யாராவது சொல்லுங்கள்.

---

நூல்கண்டு:

டெட் முடிந்து லைன் பாதி காலியாக இருப்பதைப் பார்க்காத ஆடைத் தொழிற்சாலை மேலாளர் யாரும் இந்த நாட்டில் இருக்கமாட்டார். க்விட் சரிதான், ஆனால் முழுக்கதை அதில் இல்லை. 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற தொழிலாளர் சட்டப்படி தொழிலாளி காரணமே சொல்லாமல் விலகலாம், ஆனால் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். காலவரம்பற்ற ஒப்பந்தம் என்றால் 45 நாள், ஓராண்டு முதல் மூன்றாண்டு ஒப்பந்தம் என்றால் 30 நாள், ஓராண்டுக்குக் குறைவு என்றால் மூன்று வேலை நாள். சம்பளம் நேரத்துக்கு வரவில்லை, அடித்தார்கள், பாலியல் தொல்லை என்றால் உடனே போகலாம். இந்தக் காரணம் எதுவும் இல்லாமல், சொல்லாமல் போனால் சட்டவிரோத விலகல், அரை மாதச் சம்பளமும் முன்னறிவிப்பு கொடுக்காத நாட்களுக்கான சம்பளமும் அவர்தான் கம்பெனிக்குத் தரவேண்டும், வேலையின்மைப் படியும் கிடைக்காது. நடைமுறையில் துரத்திப் பிடிக்கிற கம்பெனி குறைவு, ஆனால் சமூகக் காப்பீட்டுப் புத்தகத்தை முடித்து வாங்கும்போது இழுபறி வரும்.

ஆங்கிலத்தில் இதற்கு "லெஃப்ட் வித்தவுட் நோட்டீஸ்" என்று எளிமையாகச் சொல்லிக்கொடுங்கள். வாக்ட் அவுட், அப்ஸ்காண்ட் எல்லாம் வேண்டாம், இரண்டாவதைக் கேட்டால் போலீஸ் தேடுகிற ஆள் போல இருக்கும் (அதையும் நம் ஊர் மனிதவளக்காரர்கள்தான் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள்). நோட்டீஸ் என்ற சொல்லை மட்டும் நன்றாகப் பதியவையுங்கள், கிவ் நோட்டீஸ், நோட்டீஸ் பீரியட், ஷார்ட் நோட்டீஸ். அறிவிப்புப் பலகை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தகுதிகாண் காலம்: அங்கே இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் முன்னறிவிப்பே இல்லாமல் முறித்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பட்டப்படிப்பு தேவைப்படுகிற வேலைக்கு 60 நாள் வரை, சாதாரண வேலைக்கு ஆறு வேலை நாள், சம்பளம் குறைந்தது 85 சதவீதம். அதில் தேறாததை ஃபயர்டு என்று சொல்வது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. "ஐ டிட்ன்ட் பாஸ் ப்ரொபேஷன்", அல்லது இன்னும் மென்மையாக "த ட்ரையல் பீரியட் டிட்ன்ட் வொர்க் அவுட்".

---

பக்_மணி:

லெட் கோ பற்றி: எனக்கு உடன்பாடு இல்லை. அது மேலாளர்கள் பேசுகிற மொழி, "வி ஹேட் டு லெட் ஹிம் கோ" என்று. விண்ணப்பிக்கிறவர் "ஐ வாஸ் லெட் கோ" என்றால் எதிரே இருப்பவர் ஃபயர்டா லெய்டு ஆஃபா என்று யோசிக்கத்தான் செய்வார், கடைசியில் கேட்டும் விடுவார். உண்மையிலேயே ஆட்குறைப்பு என்றால் அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? 2023இல் சைகோனில் பௌயுவன் காலணித் தொழிற்சாலை பிப்ரவரி மாதம் ஒரே அறிவிப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை அனுப்பியது, அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில். அவர்கள் எல்லோரும் வேலை தெரியாதவர்களா? "ஐ வாஸ் லெய்டு ஆஃப் பிகாஸ் ஆர்டர்ஸ் டிராப்டு" என்று முழுக் காரணத்தோடு ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள்.

---

மல்லி_ஹனோய்:

மணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆட்குறைப்பில் போனவருக்கு லெய்டு ஆஃப்தான். ஆனால் உண்மையிலேயே சரியில்லை என்று அனுப்பப்பட்டவரும் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் பொய்யில்லாத ஒரு வாக்கியம் தேவை. அவர் லெட் கோ சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் என்ன கற்றுக்கொண்டேன் என்று தொடரட்டும். லெட் என்பதைப் பார்த்து "அனுமதித்தார்கள்" என்று புரிந்துகொண்டு, அதை டுயெக் வகையில், ஏதோ சலுகை போல மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் முதலிலேயே உடைத்துவிடுங்கள்.

---

கருப்பட்டி:

குறுக்கே வருகிறேன். மாணவர்களின் அப்பா அம்மா கதையையும் சொல்லச் சொல்லிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். 1989இல் வந்த 176ஆம் எண் முடிவின்படி அரசுத் தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்தபோது ஏராளமானவர்கள் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வயதானவர்கள் இன்றைக்கும் அதை "ஒரே கட்டியாக வாங்கிக்கொண்டு வந்தது" என்கிற மாதிரிச் சொல்வார்கள். பிள்ளைகள் அதை ரிடயர்டு என்று எழுதுவார்கள், ஆனால் பலருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, ஓய்வூதியமும் கிடையாது. நம் ஊர் வி.ஆர்.எஸ். மாதிரி என்று நமக்குப் புரியும், அவர்களுக்கு "டுக் எ லம்ப் சம் அண்ட் லெஃப்ட்" போதும். ரிடயர் என்றால் ஓய்வு பெறும் வயது வந்து போவது என்று அங்கேயே சொல்லிவிடலாம். அந்த வயதும் இப்போது ஏறிக்கொண்டே போகிறது, ஆண்களுக்கு 2028இல் 62, பெண்களுக்கு 2035இல் 60.

---

சாரதா_சைகோன்:

நன்றி, எல்லோருக்கும். இப்படிச் செய்யப் போகிறேன்: முதல் வகுப்பில் பி சோதனை, கூடவே அந்த 'திங்கட்கிழமை மேசையில் இருப்பாரா' கேள்வி. இரண்டாவது வகுப்பில் மாதிரிக் கடிதங்கள், எந்தப் பணம் வந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை. நேர்காணல் வாக்கியம் அதற்குப் பிறகுதான். ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி: ரிடண்டன்ட் (ஆட்குறைப்பில் போனவர்), ஸாக் (ஃபயர் மாதிரி) இரண்டும் பிரிட்டிஷ் வழக்கு, என் மாணவர்களின் கம்பெனிகளில் கொரியர்களும் அமெரிக்கர்களும்தான் அதிகம். விட்டுவிடலாமா?

---

மல்லி_ஹனோய்:

விடவேண்டாம் அக்கா. டோயிக் கேட்டல் பகுதியில் அமெரிக்கன், பிரிட்டிஷ், கனடியன், ஆஸ்திரேலியன் என்று நான்கு உச்சரிப்பும் வரும், காதில் விழுந்தால் புரியும் அளவுக்கு 'மேட் ரிடண்டன்ட்' தெரிந்திருக்கட்டும். பேசுவதற்கு லெய்டு ஆஃப் மட்டும். ஸாக் பேச்சு வழக்கு, விண்ணப்பத்தில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் வகுப்பில் ஒரு பையன் சுயவிவரக் குறிப்பிலேயே எழுதிக் கொண்டுவந்தான்.